பின்னால் போகிறவர்கள்

மழை கொட்டுகிறது. சியோல் நகரத்தின் ஏதோ ஒரு மேம்பாலத்தில் கதாநாயகன் நனைந்துகொண்டு நிற்கிறான். இத்தனை எபிசோடுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லப்போகிறான். கதாநாயகியின் கண்ணோரத்தில் நீர் திரண்டு, விழட்டுமா வேண்டாமா என்று காத்திருக்கிறது. நான் துப்பட்டாவின் முனையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடிவீட்டு அக்கா என் முழங்கையை இடித்தார்.

"பாப்பா, பின்னாடி பச்ச கொடையோட ஒருத்தி போறா பாரு. அவ எங்க போறா?"

அப்படி ஒருத்தி போவதையே நான் பார்க்கவில்லை. காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், ஆமாம், போகிறாள். தெருவிளக்கின் மஞ்சளுக்குள் கலங்கலாக ஒரு பச்சைக் குடை, அதற்குக் கீழே ஒரு கை, கையில் சின்னதாக ஒரு பை. அக்கா திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு மருந்து வாங்கிகினு போறா. அவ நடைய பாரு," என்றார். அதற்குள் முன்னால் இருந்தவர்கள் காதலைச் சொல்லி, ஏற்று, பாட்டும் ஓடி முடிந்திருந்தது.

கொரிய, ஜப்பானிய, சீன, தாய்லாந்து நாடகங்களைப் பற்றி நான் மணிக்கணக்காகப் பேசுவேன். எந்த நாயகனுக்கு எந்த நாயகி பொருத்தம், எந்தக் கதையின் முடிவைச் சொதப்பினார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் கருத்து உண்டு. கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் நான் பார்த்ததிலேயே பெரிய பார்வையாளர் அந்த அக்காதான். அவர் ஒரு நாளும் கதாநாயகர்களைப் பார்த்ததில்லை.

நான் கல்லூரியில் படித்த வருடங்களில் நாங்கள் கோவளத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஓஎம்ஆரில் அலுவலகம். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்தான் தெரிகிறது என்று சொல்லி அவர் எங்களைக் கடலோரத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். மாடிப் போர்ஷனில் அக்காவும் அவர் கணவரும். அவரை நான் அண்ணன் என்பேன்; விடியுமுன் படகில் போவார். வெயில் ஏறுவதற்குள் மீன் ஏலம் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுக் கரையில் வலைகளுக்குப் பக்கத்திலேயே படுத்துவிடுவார். எங்கள் வீட்டு வைஃபை மாடிக்குப் போய்ச் சேராது. வெளிப்புறமாக ஏறும் சிமெண்டுப் படிக்கட்டின் நடுப்பகுதி வரைக்கும்தான் அதற்குத் தெம்பு. அதனால் அந்த நடுப்படிதான் எங்கள் தியேட்டர்.

மதியத்தோடு வகுப்பு முடிகிற நாட்களில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். ஒரு ஹெட்போன், ஆளுக்கொரு காது. இன்னொரு காதில் கடல். சிமெண்டு சுடும், காற்று உப்பாக வரும், எங்கோ கருவாடு காயும் வாசனை. பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தால், ஜப்பானிய ரயில்நிலையத்தில் காகம் கத்துகிறதா, எங்கள் மொட்டைமாடியில் கத்துகிறதா என்று தெரியாது. இப்போதும் ஏதாவது ஒரு கொரிய நாடகத்தில் மேட்டுத் தெருவும் படிக்கட்டும் வந்தால் எனக்கு உப்புக்காற்று அடிக்கிறது.

அக்காவின் வேலை என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் அவர் கண் ஏன் பின்னால் போகிறவர்களிடமே போகிறது என்று புரியாது. ஈசிஆரில் கடலைப் பார்த்தபடி வரிசையாகப் பங்களாக்கள் இருக்கின்றனவே, அவற்றில் பாதியில் சீரியல் ஷூட்டிங் நடக்கும். கூட்டம் தேவைப்படுகிற நாட்களில் ஓர் ஏஜென்ட்டின் வேன் காலையிலேயே குப்பத்துக்கு வந்து நிற்கும். போகக்கூடிய பெண்கள் ஏறிக்கொள்வார்கள். கோயில் காட்சியில் சாமி கும்பிடுகிறவர், ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறவர், தெருச்சண்டையை வேடிக்கை பார்க்கிறவர், எல்லாம் அக்காதான். ஒரே வீட்டில் காலையில் கல்யாணத்துக்கும் மதியம் சாவுக்கும் போய்விட்டு வந்திருக்கிறார். புடவை மட்டும் வேறு. அந்த வேலைக்குப் பெயர் 'க்ரவுட்டு'. "நாளைக்கு க்ரவுட்டு கீது" என்றால் நாளைக்கு நாடகம் கிடையாது என்று நான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் நான் என் வழக்கப்படி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். எனக்கு எதுவும் சீக்கிரம் நடந்துவிட வேண்டும். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்பாப்பா, இந்த ஊர்ல எல்லாரும் நாய் தொரத்துனாப்புல நடக்குறாங்க?"

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் நடந்துகொண்டிருந்தவர்கள் மனிதர்களானார்கள். அதற்குப் பிறகு அக்கா பக்கத்தில் இருக்கும்போது வேகத்தைக் கூட்ட என் விரல் எழுந்ததில்லை.

வசனம் புரியட்டும் என்று கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதுவும் சில நாள்தான். கீழே இருக்கிற எழுத்தையே படித்துக்கொண்டிருந்தால் மேலே இருக்கிற மூஞ்சியை யார் பார்ப்பது என்று கேட்டார். "நீ கம்முனு குந்து. அவன் ஆசப்படுறான், அவ மாட்டேங்குறா. இதுக்கு எதுக்கு எழுத்து?" என்றார். சொல்லப்போனால், நான் பார்த்த முக்கால்வாசிக் கதைகளின் சுருக்கம் அவ்வளவுதான்.

அவருடைய கருத்துகள் விசித்திரமானவை, ஆனால் உறுதியானவை. கொரியாக்காரர்களிடம் அவருக்குப் பெரிய மரியாதை. காரணம், சாப்பாட்டுக்கடைக் காட்சி. நாயகனும் நாயகியும் முறைத்துக்கொண்டிருக்கும்போது பின் மேசைகளில் இருப்பவர்கள் உண்மையாகவே சாப்பிடுகிறார்கள், ஆவி பறக்கிற கிண்ணத்திலிருந்து ஊதி ஊதிச் சாப்பிடுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நம் ஊரில் இலையில் வைத்ததைத் தொடக்கூடாது. அடுத்த டேக்குக்கு வேண்டுமே. சோற்றைப் பிசைகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். "நெஜமா துன்னுறாங்க பாரு பாப்பா," என்று அவர் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

சீனத்து அரண்மனைக் கதைகள் அவருக்கு ஆகாது. ராஜா வரும்போதெல்லாம் முற்றம் நிறைய ஆட்கள் மண்டிபோட்டுக் கிடக்கிறார்கள். ராஜா பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். நான் ராஜாவின் தலையலங்காரத்தைப் பார்ப்பேன். அக்கா தன் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார். "எத்தினி டேக்கு போயிருக்கும்? கருங்கல்லு தர வேற. அந்தாளு சீக்கிரம் செத்தா தேவல," என்று ராஜாவைப் பற்றி ஒருமுறை சொன்னார். அடுத்த எபிசோடிலேயே ராஜா விஷம் குடித்துச் செத்தார். அதற்கும் எல்லோரும் மண்டிபோட வேண்டியதாயிற்று.

பாகிஸ்தான் நாடகங்களில் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள், தெருவுக்கே வருவதில்லை, அங்கே தன்னைப் போன்றவர்களுக்கு வேலையே கிடைக்காது என்று முதல் எபிசோடிலேயே எழுந்து போய்விட்டார். தாய்லாந்தில் அறை விழுந்தால் பின்னால் நிற்கிற வேலைக்காரி சரியான நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று பாராட்டினார். ஜப்பான்தான் அவரைக் குழப்பியது. தெருக்கள் காலியாகக் கிடந்தன. "இந்த ஊர்ல ஆளுங்களே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாலைக்காட்சியில், ஒரு பெண் வாசலில் நின்று துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் ஒரே ஒரு கிழவர் சைக்கிளில் போனார். மணிகூட அடிக்கவில்லை. அக்கா அவர் மறையும் வரை பார்த்தார். பிறகு, "ஒத்த ஆளு. ஊரு பூரா தெரிஞ்சி போச்சி," என்றார். அன்று வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

நடப்பதைப் பற்றி அவருக்குத் தனிக் கொள்கையே இருந்தது. ஷூட்டிங்கில் ஓர் உதவி இயக்குநர் அவரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா அவரிடம், நான் எங்கே போகிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம், என்றிருக்கிறார் உதவி இயக்குநர். அந்தப் பக்கம் இன்னா கீது என்று இவர். கேமரா இல்லை, அது போதாதா என்று அவர். வேனில் வந்த பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் காலை எப்படி எடுத்துவைப்பது? அன்றைக்குத் தானாகவே முடிவு செய்து, ரேஷன் கடையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று நடந்திருக்கிறார். அந்த எபிசோடை நான் தேடிப் பிடித்துப் பார்த்தேன். நாயகியின் தோளுக்குப் பின்னால் மூன்று நொடி. மெய்யாகவே, ரேஷன் கடைக்குத்தான் போகிறார்.

தோள் சரிந்த ஒரு பெண்ணையும் அவர்தான் கண்டுபிடித்தார். கொரியாக்காரி. ஐம்பது வயது இருக்கும். இடது தோள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டிருப்பாள். முதலில் ஒரு சந்தையில் முட்டைக்கோஸ் கூடையோடு வந்தாள். சில வாரம் கழித்து வேறு கதையில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஃபிளாஸ்கோடு போனாள். "தோ, நம்மாளு," என்று அக்கா என் கையைப் பிடித்தார். நான் நம்பவில்லை. இரண்டு காட்சிகளையும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளேதான். பிறகு அரண்மனைச் சமையல்கட்டில் வரிசையின் கடைசியில், யாரோ ஒரு பணக்காரன் கல்யாணத்தில் தூண் மறைவில், பனி பெய்யும் பஸ் ஸ்டாப்பில். எனக்கு வெறி பிடித்துவிட்டது. என் கைப்பேசியில் அவளுக்கென்று ஒரு ஃபோல்டர். ரசிகர் குழுக்களில் படத்தைப் போட்டு, இவர் யார் தெரியுமா என்று கேட்டேன். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருத்தி மட்டும் பதில் போட்டாள்: எந்தப் படத்தில் எந்த ஆளைக் கேட்கிறாய், எனக்கு ஹீரோதான் தெரிகிறார்.

பெயர் தெரியாதது அக்காவுக்குக் குறையாகவே படவில்லை. அவளுக்கும் காலையில் வேன் வருமா, மதியச் சாப்பாட்டைக் கடைசியில்தான் போடுவார்களா, அந்தத் தோள் எதனால் இறங்கிப்போனது, இதெல்லாம்தான் அவருடைய கவலை. ஒருநாள் கனவில் அவள் வந்ததாகச் சொன்னார். எங்கள் கடற்கரையில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறது. அக்காவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில். யாரும் கூப்பிடவே இல்லை. ரெண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அலை மட்டும் டேக் டேக்காக வந்து போனது.

"இன்னா பேசுனீங்க?"

"இன்னாத்த பேசுறது. அவளும் க்ரவுட்டு, நானும் க்ரவுட்டு."

பிறகு ஒரு கட்டத்தில் அவள் வருவது நின்றுபோனது. புது நாடகங்கள் வந்தன, பழைய நடிகர்கள் வந்தார்கள், அவள் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நான் நினைத்தேன். அக்கா வேறு மாதிரி யோசித்தார். அவளுக்கு யாராவது வசனம் கொடுத்திருப்பார்களோ என்றார்.

அது ஏன் கவலைக்குரிய விஷயம் என்று நான் கேட்டபோதுதான் அந்தத் தொழிலின் ஒரு சட்டம் எனக்குத் தெரிந்தது. க்ரவுட்டில் இருப்பவருக்கு மூஞ்சி கிடையாது. அதனால்தான் ஒரே சீரியலில் திரும்பத் திரும்ப வரமுடிகிறது. ஒரு வரி பேசிவிட்டால் மூஞ்சி பதிந்துவிடும். பிறகு அந்த ஆளைக் கோயிலிலும் காட்டமுடியாது, ஆஸ்பத்திரியிலும் காட்டமுடியாது; பக்கத்து வீட்டுக்காரி எப்படி நர்ஸ் ஆனாள் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். வரி முடிந்ததும் அந்த சீரியலில் வேலையும் முடிந்தது.

இதை அவர் அவ்வளவு விவரமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருக்கே வசனம் வந்திருந்தது. எங்கே போகிறேன் என்று கேட்டாரே, அதே உதவி இயக்குநர்தான் ஞாபகம் வைத்துக் கொடுத்தார். வருடக்கணக்காக ஓடுகிற ஒரு மதிய சீரியல். அக்காவுக்கு மாதத்தில் பாதி நாள் சோறு போடுவது அதுதான். அதில் நாயகி வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கடலை நோக்கிப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும்: அம்மா, உங்க பொண்ணு கடலுக்குள்ள இறங்கிப் போறா, சீக்கிரம் வாங்க. இவ்வளவுதான் வசனம்.

நான் குதித்தேன். ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா, இனிமேல் நீங்கள் க்ரவுட்டு இல்லை, நடிகை என்று படிக்கட்டு அதிரப் பேசினேன். ஏஜென்ட் போனில் வேறு மாதிரி பேசினார். ஒரு வரிக்காகத் தினப்படியை விடாதே, அடுத்த சீரியல் எப்போது வருமோ தெரியாது என்றார். அண்ணன் வலை முடிச்சிலிருந்து தலையைத் தூக்காமல், உன் இஷ்டம் என்றார். அக்கா பல நாள் யோசித்துக்கொண்டே இருந்தார். நாடகம் பார்க்கும்போதும் கண் எங்கோ இருந்தது. பின்னால் யார் போனாலும் கேட்கவில்லை.

அவருடைய அம்மாவுக்குக் கண் தெரியாது. முன்பெல்லாம் கூடை தூக்கி மீன் விற்றவர், பார்வை போனபிறகு குப்பத்தில் மகன் வீட்டில் டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சீரியல்களைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். உன் பெண் டிவியில் வருகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா கேட்பாராம்: வந்து இன்னா பண்றா? நடந்து போறா, என்பார்களாம். அது எனக்கு எங்க தெரியுது, என்பாராம் அம்மா. இத்தனை வருடத்தில் அக்கா எத்தனையோ முறை அந்தப் பெட்டிக்குள் போய் வந்திருக்கிறார். அவர் அம்மாவைப் பொறுத்தவரை ஒருமுறைகூட வந்ததில்லை.

ஒருநாள் நாடகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம் சொன்னார்.

"எங்கம்மா காதுல ஒரு வாட்டி வுழணும் பாப்பா. அவ்ளோதான். அப்பால இன்னா ஆனா ஆவட்டும்."

அவர் ஒத்துக்கொண்ட அந்த ஷூட்டிங் நாளில் எனக்கு செமஸ்டர் தேர்வு இருந்ததால் போகமுடியவில்லை. சாயங்காலம் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தார். ஒரே டேக்காம். லைட் பிடிக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். எப்படிச் சொன்னீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். டிவியில் வரும்போது கேட்டுக்கொள் என்று சிரித்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அது வந்தது. அக்காவின் அம்மாவை ஆட்டோவில் மாடி வீட்டுக்குக் கூட்டிவந்து டிவிக்கு நேரெதிரே உட்காரவைத்திருந்தார்கள். அக்காவின் அண்ணி, எதிர்வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர், நான். புழுக்கம். மின்விசிறிச் சத்தத்தில் வசனம் கேட்காமல் போய்விடுமோ என்று அக்கா அதையும் அணைத்துவிட்டார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாயகி அழுதாள். கதவை அடித்துச் சாத்தினாள். மணலில் நடந்தாள். அலை. மறுபடியும் அலை. கேட்டைத் தள்ளிக்கொண்டு, தலை கலைந்து, அக்கா ஓடிவந்தார். முகம் திரை முழுக்க நிறைந்தது. வாய் திறந்தது.

"அம்மா, உங்க பொண்ணு கடலுக்குள்ள இறங்கிப் போறா, சீக்கிரம் வாங்க."

மெல்லிசான, சுத்தமான குரல். ஒவ்வொரு எழுத்தும் கழுவி அடுக்கியது மாதிரி. வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு இருக்குமே, அப்படி. அக்காவின் வாய் பெரிதாகத் திறந்திருந்தது. குரல் அதற்குள்ளிருந்து வரவில்லை. டப்பிங்கில் வேறு யாரையோ பேசவைத்திருந்தார்கள்.

விளம்பரம் வந்தது. அம்மா இன்னும் நிமிர்ந்தே இருந்தார்.

"இன்னாடி, எப்ப வருவ நீ?"

எதிர்வீட்டுப் பெண்களில் ஒருத்தி அவசரமாக, "வந்துட்டாளே. இப்ப பேசுனது அவதான்," என்றாள். அண்ணியும், டிவியில் குரல் அப்படித்தான் மாறிக் கேட்கும் என்றார். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

"யாருகிட்ட கத வுடுற?" என்றார் அம்மா. "இவ அந்த எட்டு மணி சீரியல்ல போலீஸ்காரிக்கு பேசுறவ. சாங்காலம் மூத்த மருமவளுக்கும் இவதான் பேசுறா. எம்பொண்ணு கொரலு எனக்கு தெரியாதா?"

அக்கா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை வேனில் அவருக்கு இடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எதற்காக அதை விட்டாரோ, அதுவும் இல்லை. அழுவார் என்றுதான் நினைத்தேன்.

"அது நான் இல்லம்மா," என்றார். "நான் வாய அசைச்சதோட சரி. அவளும் எங்கியோ ஒரு ரூம்புல ஒத்தையா நின்னுகினுதானே பேசிக்கீறா. அவ மூஞ்சிய யாரு பாத்தா?"

அம்மா இதற்கெல்லாம் மசியவில்லை. "அவ கெடக்குறா. கடலுக்கு போறவள இப்பிடியா கூப்புடுவாங்க? சோறு துன்ன கூப்புடுறாப்புல? நீ அங்க எப்பிடி சொன்னியோ, அப்பிடியே சொல்லு. நான் கேக்குறேன்."

"இங்கியா?"

"பின்ன எங்க?"

அக்கா சுற்றிலும் பார்த்தார். காட்சியில் அம்மா வீட்டுக்குள் இருப்பாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டிலிருந்து ஓடிவர வேண்டும். அறைக்குள் நின்றுகொண்டு சொல்ல அவருக்கு மனது வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். படிக்கட்டின் உச்சியில், மதிய வெயிலில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். தலைமுடியைத் தானே கலைத்துக்கொண்டார். ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு வாசலை நோக்கி ஓடிவந்தார்.

"யம்மோவ்... உம்பொண்ணு கடலுக்குள்ள எறங்கி போறாளே... ஓடியாங்களேன்... யாராவது ஓடியாங்களேன்..."

அது அடிவயிற்றிலிருந்து வந்தது. காற்றுக்கு எதிராக, அலைக்கு மேலே, தூரத்துப் படகுக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல். கடலில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் என் கண் கடலைத் தேடியது. அறைக்குள் ஒரு டம்ளர் உருண்டது.

அதற்குப் பிறகு கீழே, தெருவில், முதல் கால்சத்தம்.

மளிகைக்கடை பாய் தராசை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். டீக்கடையிலிருந்து ஆட்கள். அரைகுறையாகக் குளித்த ஒருவர் துண்டோடு. ஒரு பெண் வாசலில் கிடந்த கயிற்றை வாரிக்கொண்டு, "யாரு பொண்ணு, எந்தாண்ட?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். ஒருவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரையில் வலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து படகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஆளாகத் தோள் கொடுத்தது எங்கள் மாடிவீட்டு அண்ணன். சந்து சந்தாக, வெயிலில் தூசி கிளப்பிக்கொண்டு, மொத்தத் தெருவும் கடலை நோக்கி இறங்கியது.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைப் பொத்தியிருந்த கைக்கு மேலே கண் மட்டும் விரிந்திருந்தது. உள்ளே அவர் அம்மா கழுத்தைச் சாய்த்து, ஓடுகிற கால்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோ," என்றார். "இது நீ."

நான் படிகளைத் தாவி இறங்கினேன். யாரும் இல்லை, கடலில் யாரும் இல்லை, அது டிவி வசனம் என்று கத்திக்கொண்டே தெருவோடு ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலுக்கு ஒருவர்கூட நிற்கவில்லை.